காட்ட வேண்டிய பணம்

போன மாதம் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கல்வி நிகழ்ச்சி. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பை, ஒரு சான்றிதழ், மேடையில் ஒரு படம், கடைசியில் மீ ஹூன். யூனிவர்சிட்டியில் படிக்கிற சிலரையும் அழைத்திருந்தார்கள். சிறப்புரை ஆற்ற வந்தவர் இந்த வட்டாரத்தில் எல்லாரும் மதிக்கிற மனிதர். நானும் மதிக்கிறேன். அவர் பேச்சின் நடுவில் இப்படிச் சொன்னார்: "இப்பல்லாம் புதுசா ஒன்னு கெளம்பியிருக்கு. யூனிவர்சிட்டி போற பிள்ளைங்க ஒரு செமெஸ்டர் ஐரோப்பா போறேன்னு நிக்குதுங்க. அது பணக்கார வீட்டுப் பிள்ளைங்க ஊர் சுத்தறதுக்கு வெள்ளக்காரன் வச்ச திட்டம். நமக்கு எதுக்கு? டிகிரிய முடி. வேலையப் பாரு. பி.டி.பி.டி.என். கடனக் கட்டு."

மண்டபம் நிறையக் கைதட்டல்.

என் பக்கத்து நாற்காலியில் ஈஜோக் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாய அறிவியல், மூன்றாம் ஆண்டு. ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் ஒரு செமெஸ்டர் படிப்பதற்கான அனுமதிக் கடிதம் அப்போது அவளுடைய கைப்பேசியில் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் எனக்கு அதைக் காட்டியிருந்தாள். அவளும் கைதட்டினாள்.

அந்தக் கைதட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐயா சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு செமெஸ்டர் வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். போய் வந்து போடுகிற படங்களைப் பார்த்தால் அது படிப்பா சுற்றுலாவா என்று எனக்கே சந்தேகம் வரும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு படம், ப்ராக்கில் ஒரு படம், ஈஃபில் கோபுரத்தை இரண்டு விரலில் பிடிக்கிற மாதிரி ஒரு படம். படித்த ஊரின் படம் மட்டும் இருக்காது. ஆனால் "பணக்காரப் பிள்ளைகள்தான் போகிறார்கள்" என்பதைப் பார்த்துவிட்டு, "ஆகவே நம் பிள்ளைகள் போகவேண்டாம்" என்று ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்? ஒரு காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கும் பணக்காரப் பிள்ளைகள்தான் போனார்கள். 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது டாக்டர் தம்பிராஜா இப்படி நினைத்திருந்தால், இன்று அந்த மேடையில் பொன்னாடை வாங்கியவர்களில் எத்தனை பேர் அங்கே நின்றிருப்பார்கள்?

நமக்கு எதுக்கு என்ற கேள்வியை எங்கள் ஊரில் வைத்துக் கேட்பதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கோல சிலாங்கூர் மாதிரி ஐரோப்பாவின் சின்ன ஊர்களோடு பின்னிக் கிடக்கிற இடம் மலேசியாவில் அதிகம் இல்லை. 1784இல் டச்சுக்காரர்கள் புக்கிட் மெலாவத்திக் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். (அடுத்த வருஷமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்துவிட்டார், அது வேறு கதை.) டச்சுக்காரனை விடுங்கள். எனக்கு முக்கியமானவர் ஆன்றி ஃபோக்கொனியே.

பிரான்ஸில் கோன்யாக் பக்கம் பார்பெசியூ என்று ஒரு சின்ன ஊர். அங்கே பிறந்தவர் ஃபோக்கொனியே. இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போர்னியோவில் ஜவ்வரிசிப் பனை போட்டால் பணக்காரன் ஆகலாம் என்று எங்கேயோ ஒரு கட்டுரை படித்திருக்கிறார். அவ்வளவுதான். 1905இல் கப்பல் ஏறிவிட்டார். வயது 26. சிங்கப்பூரில் இறங்கியதும், போர்னியோ வேண்டாம், ரப்பர்தான் காசு என்று யாரோ சொல்ல, இங்கே வந்து ஒரு தோட்டத் துரையிடம் வேலை பழகினார். தமிழும் மலாயும் கற்றுக்கொண்டார். அப்புறம் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார். கையில் பெரிய பணம் கிடையாது. சொந்தக்காரர்கள், நண்பர்கள், பின்னால் பெல்ஜியத்துக் கம்பெனிக்காரர்கள் போட்ட பணம்தான். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார்கள். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அது. 2017இல் நாடே நூற்றாண்டு கொண்டாடியது அதைத்தான். தென்னமரம் என்று தமிழில் பேர் வைத்த தோட்டத்தில் ஒரு தேசத்தின் செம்பனை தொடங்கியது என்பதை நம் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரோ இங்கே பார்த்ததையெல்லாம் வைத்து 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி, 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார்.

இதை ஏன் சொல்கிறேன்? ஒரு 26 வயதுப் பையன், விவசாயப் படிப்பு இல்லாமல், ஒரு கட்டுரையை நம்பிப் பாதி உலகம் கடந்து எங்கள் ஆற்றங்கரைக்கு வருகிறான். அதற்கு வரலாற்றில் 'முன்னோடி' என்று பேர். அந்தத் தோட்டங்களில் காடு வெட்டி, கன்று நட்டு, பழம் சுமந்தவர்களின் பேத்தி, 21 வயதில், விவசாயம் படித்துக்கொண்டிருப்பவள், அவன் வந்த பக்கமாக ஆறு மாதம் போய் வருகிறேன் என்கிறாள். அதற்குப் பேர் 'ஊர் சுத்தறது'.

நாம் மட்டும் எப்போது போனோம்? நம்மை அனுப்பினார்கள். கங்காணி அனுப்பினான், கம்பெனி அனுப்பியது. ஒரு தோட்டத்தை மூடினால் அடுத்த தோட்டத்துக்கு, அதையும் மூடினால் மலிவு விலை ஃப்ளாட்டுக்கு. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக 20 வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்த கதை எல்லாருக்கும் தெரியும். நம் ஆட்கள் எவ்வளவோ தூரம் நகர்ந்திருக்கிறார்கள். தானாக ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, போய், பார்த்து, திரும்பி வருவது என்ற ஒன்றுதான் நம் பழக்கத்தில் இல்லை. அது பழக்கத்தில் இல்லாததால் வேண்டாம் என்பதா?

இனி ஹாலேவுக்கு வருகிறேன். எனக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிய வந்தது புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோழி ஒருத்தியால். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இதே திட்டத்தில் அங்கே போய் வந்தாள். ஈஜோக் பெண்ணுக்கு ஆசையை ஊட்டியதும் அவள்தான். சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிற ஊர். பழைய கிழக்கு ஜெர்மனி. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. முதல் வாரம் அது தெரியாமல், பிளேனில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று சமாளித்திருக்கிறாள். குளிரில் கை வெடித்திருக்கிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு பாரத்துக்காக மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்போது அழுதிருக்கிறாள். இதையெல்லாம் அவள் மறைக்காமல் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன்.

அவள் சொன்ன இரண்டு விஷயங்களை மறக்க முடியவில்லை.

ஒன்று, ஒரு வயல். யூலியுஸ் க்யூன் என்ற பேராசிரியர் 1878இல் அங்கே ஒரு நிலத்தில் ரை தானியம் விதைத்தார். ஒரே நிலத்தில் ஒரே பயிரை வருஷா வருஷம் போட்டுக்கொண்டே இருந்தால் மண் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே கிடையாது. இரண்டு உலகப் போர், நாஜி, கம்யூனிஸ்ட், ஜெர்மனி இரண்டானது, ஒன்றானது. அந்தச் சோதனை நிற்கவில்லை. ஒன்றுமே போடாத பாத்தியும் குறைவாகவாவது இன்னமும் விளைகிறது. என் தோழி அந்த வயல் ஓரத்தில் நின்றபோது தன் பாட்டியை நினைத்தாளாம். "எங்க பாட்டிக்கு மண்ணப் பத்தித் தெரியும்டா. எந்த ஓரத்துல கன்னு சாகும், எங்க தண்ணி நிக்கும், எல்லாம் தெரியும். ஆனா இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மரத்தச் சாய்ச்சு மறு நடவு போடுவான். தோட்டமே கை மாறிடும். ஆளுங்களயும் மாத்திடுவான். பாட்டிக்குத் தெரிஞ்சத யாரும் எழுதி வைக்கல." அவளுடைய இறுதியாண்டு ஆய்வு செம்பனைத் தோட்ட மண்ணைப் பற்றியது. கேள்வியை அவள் எடுத்தது அந்த வயலிலிருந்து. இதற்கு விலை என்ன என்று அந்த மேடையில் பேசியவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது, ஃப்ராங்கே நிறுவனங்கள் என்று அங்கே ஒரு பழைய வளாகம். 1698இல் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. தரங்கம்பாடிக்குப் போன சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். இந்த நிறுவனம்தான் அந்த மிஷனுக்கு முதுகெலும்பு. தமிழ் அச்செழுத்துகளை அங்கே வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அதன் காப்பகத்தில் இருக்கின்றன. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற இளைஞனைக் கூட்டிக்கொண்டு போனார். தமிழ் உதவிக்கு. 1716இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் ஹாலேயில் அச்சானது. முகப்பில் அவர் பெயர் மட்டும். மலையப்பன் திரும்பி ஊருக்கே வந்துவிட்டான்.

முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழ்ப் பையன் அந்தச் சின்ன ஊருக்குப் போயிருக்கிறான். அவனைக் கூட்டிப் போனது அவனுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ள. அவன் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் அனுப்பவில்லை. என் தோழி போனது கற்றுக்கொள்ள. அவளுக்குப் பரீட்சை வைத்து, புள்ளி போட்டு, அவள் பெயரிலேயே தாள் கொடுத்தார்கள். இந்த வித்தியாசத்துக்கு முந்நூறு வருஷம் ஆகியிருக்கிறது. அதைத்தான் மண்டபத்தில் ஒரு நிமிஷக் கைதட்டலில் தள்ளிவிட்டோம்.

இனிப் பணம். ஏனென்றால் மற்றதெல்லாம் பேச்சு.

ஈஜோக் பெண்ணின் கணக்கை அவள் அனுமதியோடு தருகிறேன். மாணவர் பரிமாற்றம் என்பதால் அங்கே படிப்புக் கட்டணம் இல்லை. இங்கே பதிவு நீடிக்கும், இங்கேயே கட்டினால் போதும். மாதம் 500 யூரோ உதவித்தொகை உறுதியாகிவிட்டது. ஆனால் ஜெர்மனி விசா கேட்பது மாதம் 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952. உதவித்தொகை போக மீதி 2,952 யூரோவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். இன்றைய விலையில் 14,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். விமான டிக்கெட் 4,000. விசா, காப்புறுதி, குளிர் உடுப்பு, முதல் மாதக் கைச்செலவு என்று ஒரு 1,500. ஆக, புறப்படும் முன் கையில் வேண்டியது ஏறக்குறைய 20,000 வெள்ளி. அவள் அப்பாவின் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சம், 1,700. பன்னிரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தாலும் 20,400தான்.

இங்கேதான் எல்லாரும் பெருமூச்சு விட்டு, "பாருங்க, நான் சொன்னேன்ல" என்று எழுந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள். அந்த 14,000 செலவு கிடையாது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு மாதா மாதம் அவள் கணக்குக்கே அது திரும்பி வரும். மாணவர் விடுதியில் தங்கி, தானே சமைத்து, என் தோழி மாதம் 750 யூரோவில் வாழ்ந்திருக்கிறாள். அதே கணக்கில் இவளும் வாழ்ந்தால் முடிவில் 1,450 யூரோ, அதாவது 7,000 வெள்ளி கையில் நிற்கும். டிக்கெட் பணத்தைப் பல்கலைக்கழகம் திருப்பித் தரும், ஆனால் ரசீது காட்டிய பிறகு. அதையும் சேர்த்தால் 11,000 திரும்புகிறது. உண்மையாகக் கரைவது 9,000.

ஆக, அவள் முன் நிற்கிற சுவர் 20,000. அவளுக்கு ஆகிற செலவு 9,000. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 11,000ஐ யாரும் செலவழிக்கப் போவதில்லை. சும்மா காட்ட வேண்டும். பணக்கார வீட்டில் அந்தப் பணம் ஏற்கெனவே வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கிறது, ஆறு மாதம் இடம் மாறித் தூங்கும். நம் வீட்டில் அது இல்லை. பணக்காரப் பிள்ளைகள் போவதற்கும் நம் பிள்ளைகள் போகாததற்கும் ஆசையோ அறிவோ காரணம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அந்தச் சுவரில் முட்டியவன். 2018. மூன்றாம் ஆண்டு பொறியியல். ஸ்வீடனில் ஒரு சின்ன ஊருக்கு ஒரு செமெஸ்டர் தேர்வானேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம், எல்லா இடத்திலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். "முதல்ல நீங்க போடுங்க, அப்புறம் கிளைம் பண்ணிக்கலாம்" என்றார் அலுவலகத்தில் இருந்த அம்மா. அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. வங்கிக் கணக்கைக் காட்ட எனக்கு இருந்தது ஒன்பது நாள். அப்பா செம்பனை மில்லில் வேலை. அம்மா கட்டிக்கொண்டிருந்த கூட்டு எங்கள் முறைக்கு வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பஜாக் கடையில் நகையை வைத்தாலும் பாதிக்குக்கூட எட்டாது. மாமா ஒருவர் தருகிறேன் என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. அவர் நிலைமை அவருக்கு.

விலகல் பாரத்தில் காரணம் என்ற ஒரு கட்டம். அதில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? அந்த ஆண்டின் பட்டியலில் நான் எப்படிப் பதிவாகியிருப்பேன் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். தேர்வானார், சொந்தக் காரணங்களால் விலகினார். என்னைப் போல எத்தனை பேர் அந்தக் கட்டத்தை அதே இரண்டு வார்த்தையால் நிரப்பியிருப்பார்கள்! அப்புறம் ஒரு அதிகாரி ஒரு கூட்டத்தில் சொல்வார்: இந்திய மாணவர்களுக்கு வாய்ப்பு கொடுத்தாலும் ஆர்வம் காட்டுவதில்லை. நம் ஆளே ஒருவர் மேடையேறி, நமக்கு எதுக்கு என்பார். இரண்டும் சேர்ந்து ஒரு உண்மை மாதிரி ஆகிவிடும்.

தாமதம் ஆகும் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அங்கே படித்த பாடத்தை இங்கே ஏற்காவிட்டால் ஒரு செமெஸ்டர் தள்ளிப் போகும். முதல் சம்பளம் ஆறு மாதம் தள்ளிப் போவது தோட்டத்து வீட்டில் சின்ன விஷயம் இல்லை. தம்பியின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, எல்லாம் அந்தச் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவில் இந்தத் திட்டம் பிறந்ததே இந்தப் பிரச்சினையில்தான் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தாலிக்காரி சோஃபியா கொர்ராடி 1950களின் கடைசியில் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ரோமுக்குத் திரும்பினார். நீ அங்கே படித்தது இங்கே செல்லாது என்று அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா அதை விடவில்லை. வருஷக்கணக்கில் கதவு கதவாகத் தட்டினார். 1987இல் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் ஆண்டு 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்று அங்கே அது சாதாரணம். பஸ் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளையும் போகிறது, யாரும் பத்திரிகையில் படம் போடுவதில்லை. அவர் தாமதம் ஆகும், போகாதே என்று அடுத்த தலைமுறைக்குப் புத்தி சொல்லவில்லை. பாடத்தை ஏற்றுக்கொள் என்று பல்கலைக்கழகத்தோடு சண்டை போட்டார். புறப்படும் முன்பே எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஈஜோக் பெண் வாங்கிவிட்டாள். நாலு பாடம், நாலுக்கும் கையெழுத்து.

பொம்பளப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. இதே பிள்ளைகளை எஸ்.பி.எம். முடித்ததும் ராத்திரி பத்து மணிக்கு ஃபேக்டரி பஸ்ஸில் ஏற்றி நைட் ஷிஃப்டுக்கு அனுப்பியவர்கள்தானே நாம்?

நம் சமூகத்தில் பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தியர் உருமாற்றத்துக்கு என்று மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குகிறார்கள். பத்து மாணவர்களுக்கு 20,000 என்றால் 2 லட்சம், ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதிலும் பாதிக்கு மேல் அடுத்த ஆண்டே திரும்பி வந்து அடுத்த பத்துப் பேருக்குப் போகும். லேப்டாப் கொடுத்தால் திரும்பி வருமா? பயிலரங்கு மீ ஹூன் திரும்பி வருமா? அரசாங்கத்தைக்கூட விடுங்கள். 1960இல் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் அவர்கள் கைக்கு வந்தது. நமக்கு எதுக்கு தோட்டம், சம்பளத்தை வாங்கிக்கிட்டு வேலையைப் பாரு என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது.

நான் கேட்பது தோட்டம் வாங்குகிற அளவு பெரிதல்ல. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இன்று வேலையில் இருக்கிற பட்டதாரிகள் நூறு பேர் ஆளுக்கு 500 வெள்ளி போட்டால் 50,000. இரண்டு பேரை ஒரே நேரத்தில் அனுப்பலாம். வட்டி வேண்டாம், தர்மமும் வேண்டாம். முடக்கக் கணக்கில் மிஞ்சுவதும் டிக்கெட் பணமும் வந்ததும் திருப்பிப் போட வேண்டும். கரைந்த 9,000ஐ வேலை கிடைத்தபின் மாதம் 200 வீதம் கட்டினால் நாலு வருஷத்துக்குள் முடிந்துவிடும். அம்மாக்கள் கட்டுகிற கூட்டுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதுவரை பதினேழு பேர் சேர்ந்திருக்கிறோம். அதில் ஐந்து பேர், "போன பிள்ள திரும்பி வரலன்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தார்கள். நியாயமான கேள்வி. மலையப்பனே திரும்பி வந்துவிட்டான் என்றேன். சிரித்தார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு ஜாமீன் கையெழுத்தும் சேர்த்துக்கொண்டோம்.

பதினேழு பேரிடமிருந்து 8,500. மீதிக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். விசா நேர்காணலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

முந்தாநாள் அவள் அப்பா போன் செய்தார். ரொம்ப நேரம் மழை, பழம் விலை என்று பேசினார். அப்புறம், "தம்பி, அந்தப் பணம் நெசமாவே திரும்பி வருமா?" என்றார்.

"எல்லாம் வராது அங்கிள். பதினோராயிரம் வரும். ஒம்பதாயிரம் போயிடும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் குடுப்பா. எந்த மாசம் எவ்வளவு வரும்னு. நான் அவங்க அத்தைகிட்ட காட்டணும்" என்றார்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு வரிசை போட்டிருக்கிறேன். நாளைக்கு வேலை முடிந்து ஈஜோக் போய்க் கொடுக்க வேண்டும்.